கை படாத பாக்கெட்

கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தால் மற்றவர்கள் பிரிப்பார்கள், கன்னியப்பன் திருப்புவார். திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் பொடி எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பார். மைதா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, சர்க்கரை எத்தனை கிராம், உப்பு எவ்வளவு. அவர் படித்து முடிப்பதற்குள் கடைக்காரருக்குப் பொறுமை போய்விடும். "சார், வாங்கப் போறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று அவலூர்பேட்டையில் ஒருவர் கேட்டே விட்டார்.

கன்னியப்பன் கால்நடை ஆய்வாளர். இவ்வளவு நீளப் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையாததால் 'மாட்டு டாக்டர்' என்று அவர்களே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். வீடு செஞ்சியில். பைக்கின் பின்னால், காளை விந்தை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டை, அனந்தபுரம், தொண்டூர் என்று நாளைக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றுவார். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதுதான் முக்கிய வேலை. மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிட்டால் குறித்த நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மாட்டுக்கு நேரம் உண்டு, அதன் பின்னால் ஓடுகிறவருக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மத்தியானம் மூன்றாகும். இடையில் வயிற்றுக்குள் போவதெல்லாம் ரோட்டோரப் பெட்டிக்கடைச் சரக்குதான். கிரீம் பிஸ்கட், ரஸ்க், மாம்பழ ஜூஸ். இப்படி இருபத்தெட்டு வருஷம்.

இருபத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்து இடது கால் கட்டைவிரல் பதில் சொன்னது. செருப்பு கடித்த சின்னப் புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. மனைவி மீனம்பாள் சட்டையைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டாக்டர் பூங்குழலி ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வெளியில போறப்ப என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"வூட்டுச் சாப்பாடுதாங்க மேடம். டப்பாவுல எடுத்துக்கினு போயிடுவேன்."

மீனம்பாள் திரும்பிப் புருஷனைப் பார்த்த பார்வையில் சுவரில் இருந்த பல்லி கூட நகர்ந்திருக்கும். "டப்பா எடுத்துப் போயி இருவது வருஷம் ஆவுது மேடம். கட்டிக் குடுத்தா அப்படியே திரும்பி வருது. கட்டறத நானே வுட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. "பைக்ல கியர் எந்தக் கால்ல போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இடது கால்லங்க."

"அப்ப அந்த விரல் உங்களுக்கு வேணும். சர்க்கரை எறங்கலன்னா விரல் தங்காது." பிறகு கொஞ்சம் இளகி, "கடையிலதான் வாங்கிச் சாப்பிடணும்னா பாத்து வாங்குங்க. சுண்டல், அவிச்ச முட்டை, மோர், வேர்க்கடலை. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்" என்றார்.

எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்தான். ஆனால் கன்னியப்பன் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். பாக்கெட்டில் வந்தால்தான் வாயில் வைப்பார். இன்னொருவர் கையால் எடுத்துக் கொடுப்பது எதையும் தொடமாட்டார். டீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மாடு ஈன்ற வீட்டில் ஆசையாய்க் கொடுக்கும் சீம்பால் கூட வேண்டாம். கேட்டால், "வயிறு சரியில்லீங்க" என்பார். சுத்தக்காரர் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அந்தப் பெயர் அவருக்கு வசதியாகவே இருந்தது.

காரணம் சுத்தமல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அவருக்கு இருபத்து நான்கு வயது. ஒரு ஊரில், பெயர் எதற்கு, எந்த ஊரில்தான் இல்லை, ஒரு வீட்டில் பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்று குறுக்கே கிடந்தது. நாலு மணி நேரம் தோள்வரை கைவிட்டுத் திருப்பித் திருப்பி எடுத்தார். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. வீட்டுக்காரம்மா பளபளவென்று எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்திருப்பார். பெரியவர் ஒருவர், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னார். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னார். காலனி என்று அவர் வாயிலிருந்து வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள். மறுநாள் கன்றைப் பார்க்கப் போனபோது, அதே டம்ளர் மாட்டுக் கொட்டகையில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கன்றுக்கு மருந்து புகட்ட வைத்திருக்கிறோம் என்றார்கள்.

அன்றிலிருந்து பாக்கெட். எந்தத் தெரு என்று பிஸ்கட் பாக்கெட் கேட்காது. கட்டுச்சோறு கொண்டுபோனாலும் கை கழுவ யாரிடமாவது தண்ணீர் கேட்க வேண்டும். அதனால் டப்பாவும் நின்றது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, கன்னியப்பன் அடுப்பு இருக்கிற திசைப் பக்கமே போவதில்லை. இதை மீனம்பாளிடம்கூட அவர் சொன்னதில்லை. வெட்கம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆக, டாக்டர் சொன்னதையும் செய்ய வேண்டும், தன் சட்டத்தையும் காப்பாற்ற வேண்டும். கன்னியப்பன் கடைகடையாக ஆராய்ச்சியில் இறங்கினார். 'சர்க்கரை சேர்க்காதது' என்று முன்னால் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டை முதல் வாரம் நாளைக்கு இரண்டு பாக்கெட் தின்றார். சர்க்கரைதானே சேர்க்கவில்லை, தின்னலாம் என்று கணக்கு. வாரக் கடைசியில் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. அப்போதுதான் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் வந்தது. முன்பக்கம் கேழ்வரகு என்று இருக்கும், பின்பக்கம் மைதா என்று இருக்கும். சில மனிதர்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கும்போது தன்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் தேறியது நாலு சாமான்: வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, மோர் பாக்கெட், வாழைக்காய்ப் பதத்தில் ஒரு பழம். வாழைப்பழம் கடவுளே ஒட்டி அனுப்பிய பாக்கெட், அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முட்டையும் அப்படித்தான், ஓட்டோடு இருக்கும்வரை.

தொண்டூர் போகும் கூட்ரோட்டில் நஜ்மாவின் பெட்டிக்கடை. ஒன்பது வருஷமாக அவர் அங்கே நிற்காத நாள் குறைவு. நாற்பத்தைந்து வயது நஜ்மா தனியாளாய்க் கடை பார்க்கிறவர். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் ஷிபா திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறாள். காலையில் ஒரு குண்டான் நிறையக் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ அவித்துத் தாளித்து மூடி வைத்திருப்பார். நடவுக்குப் போகிறவர்களும், பாறையில் சமணர் படுக்கை பார்க்க வருகிறவர்களும் மந்தார இலையில் வாங்கித் தின்பார்கள். பெருங்காய வாசனை ரோடு வரைக்கும் வரும்.

புண்ணைப் பற்றித் தெரிந்ததும் நஜ்மாதான் முதலில் சொன்னார். "சுண்டல் தரட்டா டாக்டரே? தேங்கா போடாம தாளிச்சிருக்கேன்."

"வேணாம் பாயம்மா. பொட்டுக்கடலை பாக்கெட்டே குடும்மா."

"முட்டையாச்சும் சாப்புடுங்க." அவித்த முட்டையை எடுத்து ஓட்டைத் தட்டப் போனார்.

"உரிக்காதம்மா! அப்படியே குடு."

கை நின்றது. நஜ்மா முட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. மிட்டாய் டப்பாவின் மூடிமேல் வைத்தார். மீதிச் சில்லறையையும் எப்போதும் அந்த மூடிமேல்தான் வைப்பார். பெண்பிள்ளை, கூச்சம் போலிருக்கிறது என்று கன்னியப்பன் ஒன்பது வருஷமாக நினைத்துவந்தார்.

அதற்கடுத்த வாரம் கடை முகப்பில், ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில், கிளிப்பில் மாட்டிய இரண்டு கண்ணாடிக் கவர்கள் தொங்கின. உள்ளே அவித்த கொண்டைக்கடலை. வாய் நன்றாக ஒட்டியிருந்தது. கன்னியப்பன் வழக்கம்போலத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"யாரு போடறாங்க? பேரே காணுமே?"

"லோக்கல் கம்பெனி டாக்டரே. எழுத்தெல்லாம் போட மாட்டாங்க."

"சூடா இருக்குதே?"

"இப்பதான் வேன் வந்துட்டுப் போச்சி" என்றார் நஜ்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

எந்த உலகத்தில் சுண்டலுக்கு விடியற்காலை வேன் வருகிறது? உப்புக்கும் சர்க்கரைக்கும் கிராம் கணக்குப் பார்க்கிற மனிதர், பெயர் இல்லாத ஊர் இல்லாத தேதி இல்லாத பாக்கெட்டை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். ஒட்டியிருந்தது, அது போதும். பல்லால் கவரைக் கிழித்து, பைக்கில் சாய்ந்து நின்று தின்றார். பெருங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. பக்கத்துக் குண்டானிலிருந்து வருகிற அதே வாசனை. தெரியாமலா இருக்கும்? தெரியாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

ஏழு மாதம் இப்படிப் போனது. திங்கள் கொண்டைக்கடலை என்றால் செவ்வாய் முளைகட்டிய பயறு. புண் சுருங்கி, காய்ந்து, ஒரு நாள் பொருக்கு உதிர்ந்தது. மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையில் பத்தரை இருந்தது ஏழரைக்கு இறங்கியிருந்தது. டாக்டர் பூங்குழலி, "என்ன பண்ணீங்க?" என்று சிரித்தார். கன்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபீஸில் ரிசல்ட் சீட்டைக் காட்டினார், டீக்கடை வாசலில் காட்டினார், மறுநாள் காலை நஜ்மா கடையிலும் கொண்டுவந்து நீட்டினார்.

கடையில் அன்றைக்கு ஷிபாவும் இருந்தாள், கல்லூரிக்கு லீவு. பால் கேனோடு ஒருவர் நின்றிருந்தார். அவருக்கும் சர்க்கரையாம். கன்னியப்பனுக்கு வேறென்ன வேண்டும்? ஊருக்கு உபதேசம் ஆரம்பமானது.

"ரோட்டுல சாப்புடறவன் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கணும். கை படாத சாமானா பாத்து வாங்கணும். இதோ தொங்குதே, இந்த பாக்கெட்டு. ஆளு கையே படல. அதான் என்னைக் காப்பாத்திச்சி. தொறந்து வெச்சி அள்ளிப் போடறதெல்லாம் நான் தொடவே மாட்டேன்."

"ஷிபா, உள்ள போ" என்றார் நஜ்மா. ஏன் சொன்னார் என்று கன்னியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை.

ஷிபா உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்தாள். கையில் பாதி உருகிய மெழுகுவர்த்தி, ஒரு துண்டு ரம்பப் பிளேடு, காலிக் கவர் கட்டு. மூன்றையும் மிட்டாய் டப்பாவின் மூடிமேல் வைத்தாள்.

"இதான் சார் உங்க கம்பெனி. தெனம் காலைல குண்டான்ல இருந்து அள்ளி, கவர்ல போட்டு, பிளேடுல மடிச்சி, நெருப்புல காட்டி ஒட்டுது எங்கம்மா. வேற யாருக்கும் இல்ல, உங்களுக்கு மட்டும்தான்."

"ஷிபா!"

"நீ இரும்மா. அந்த வெரலைக் காட்டு அவருக்கு." நஜ்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதற்குள் கன்னியப்பன் பார்த்துவிட்டார். வலது கைக் கட்டைவிரல் நுனியில் தோல் தடித்துப் பழுப்பேறியிருந்தது. "துலுக்கச்சி கை பட்டா சாப்புட மாட்டாரு, பாவம், புண்ணு ஆறணும்னு இது ஒட்டிக்கினு கெடக்குது. நீங்க எங்க கடை வாசல்லயே நின்னு கை படாத சாமான்னு பேசறீங்க. தீட்டுன்னு சொல்ல மாட்டீங்க, சுத்தம்னு சொல்லுவீங்க. அவ்ளோதானே சார்?"

பால் கேன்காரர் நைசாக நழுவினார். தீட்டு. அந்த வார்த்தையை யாராவது தன்மேல் வீசிவிடுவார்களோ என்றுதான் கன்னியப்பன் வாழ்நாளெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். இப்போது அது வந்துவிட்டது, ஆனால் நேர்மாறான பக்கத்திலிருந்து. அதைச் செய்கிறவன் என்று அவரைச் சொல்கிறாள் ஒரு பெண்பிள்ளை. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தானே இருபத்தெட்டு வருஷம் பிஸ்கட் தின்றார்? ரிசல்ட் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். முகம் எரிந்தது.

அதன்பிறகு இரண்டு வாரம் அந்தக் கூட்ரோட்டுப் பக்கமே போகவில்லை. தொண்டூர் போக வேண்டுமென்றால் ஏரிக்கரை மண்பாதையில் எட்டு கிலோமீட்டர் சுற்றிப் போனார். ஒரு மாடு நேரம் தவறிப் போனது, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினார். வழியில் பசித்தபோது கிரீம் பிஸ்கட் வாங்கினார். பின்பக்கம் படிக்கவில்லை. பிஸ்கட் இனித்தது, அந்த இனிப்பு நெஞ்சில் நின்றது, கீழே இறங்கவில்லை.

மீனம்பாள் சட்டை துவைக்கப் போட்டபோது பையிலிருந்து பிஸ்கட் காகிதம் விழுந்தது. கூடவே காலைப் பார்த்தார். கட்டைவிரலில் ஆறிய இடம் மறுபடி சிவந்திருந்தது.

"இன்னாய்யா இது? வெரலை வெட்டிக்கினு வீட்ல உக்காரலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

கன்னியப்பன் சொன்னார். முதலில் மெழுகுவர்த்தியைச் சொன்னார். ஏன் பாக்கெட் என்று மீனம்பாள் கேட்க, டம்ளரையும் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீனம்பாள் சட்டையை வாளியில் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "இருவத்தாறு வருஷம் கூட குடும்பம் நடத்தறேன். எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"அசிங்கமா இருந்திச்சி."

"டம்ளரை ஆணியில மாட்டினவளுக்கு வராத அசிங்கம் உனக்கு இன்னாத்துக்குய்யா வந்துது?" என்று வெடித்தவர், கொஞ்சம் அடங்கி, "சரி, அது அவங்க பண்ணது. இது நீ பண்ணது. அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் வர மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கூட்ரோட்டில் பைக்கை நிறுத்தினார். ஷிபா இல்லை. நஜ்மா அப்போதுதான் குண்டானை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார். ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் கிளிப் மட்டும் காலியாகத் தொங்கியது.

"வாங்க சார்" என்றார் நஜ்மா. டாக்டரே என்று கூப்பிடவில்லை. "கவரு இல்ல. பொட்டுக்கடலை பாக்கெட் இருக்குது, தரவா?"

"ஒரு விஷயம் சொல்லணும்மா."

ஆரம்பிப்பதற்குள் ஒருவர் பீடிக்கட்டு வாங்க வந்தார். கன்னியப்பன் வாயை மூடிக்கொண்டு, ரோட்டில் போகும் பஸ்ஸை வேடிக்கை பார்த்தார். அந்த ஆள் ஒரு பீடியைப் பற்றவைத்து, அது அவிந்துபோய், மறுபடி பற்றவைத்துக்கொண்டு போகும்வரை நின்றார். இந்த வயதிலும் இன்னொருவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் பயந்தார். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். கன்று குறுக்கே கிடந்ததை, டீயை, எந்தத் தெரு என்ற கேள்வியை, ஆணியை. நாலு வரிக்குமேல் ஆகவில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பொத்திவைத்தது நாலு வரிதான்.

"உங்க கையால சாப்புடறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என்னைத் தெரிஞ்சா நீங்க குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு... அதான். உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. மன்னிச்சிடுங்க."

நஜ்மா கரண்டியால் குண்டானைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிளற வேண்டிய அவசியம் இல்லை.

"ஒம்போது வருஷம் சார்" என்றார் கடைசியில். குரலில் கோபம் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை. "ஒரு நாளு வாயைத் தொறந்திருந்தா, நானும் எனக்கு நடந்தது நாலு சொல்லியிருப்பேன். வாடகைக்கு வூடு கேட்டுப் போன கதையே ரெண்டு இருக்குது. நீங்களும் அந்த மாதிரிதான்னு நெனச்சிட்டேன். தெனம் ஒட்டும்போது நெனச்சிப்பேன்."

கன்னியப்பன் ஓர் அடி கிட்டே வந்தார்.

"சுண்டல் குடும்மா" என்றார். நஜ்மா இலையை எடுக்கப் போனார். "எலை வேணாம். கையிலயே போடு."

இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினார். நஜ்மா ஒரு கரண்டி அள்ளினார். ஒன்பது வருஷத்துப் பழக்கம், இத்தனைக்குப் பிறகும் அந்தக் கை தானாகவே மேலே போனது. கரண்டி அவர் கையில் பட்டுவிடாதபடி, ஒரு முழம் உயரத்திலிருந்து சுண்டலைச் சரித்தார். பாதி கையில் விழுந்தது, பாதி சிதறி ரோட்டில் ஓடியது.

அந்த உயரம் கன்னியப்பனுக்குத் தெரியும். சின்ன வயதில் நைனாவோடு அறுப்புக்குப் போன இடங்களில், இதே மாதிரி கையைக் குழித்து நிற்பார். இதே உயரத்திலிருந்துதான் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த உயரத்தை நஜ்மாவுக்குப் பழக்கிவிட்டது யாரென்றும் இப்போது தெரிந்தது. நஜ்மா கீழே சிதறியதைப் பார்த்துத் திகைத்து, "ஐயோ, கை பட்டுடப் போவுதேன்னு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கன்னியப்பன் நீட்டிய கையை எடுக்கவில்லை.

"நஜ்மாம்மா, கொஞ்சம் எறக்கிப் புடிம்மா" என்றார்.

நஜ்மா இன்னொரு கரண்டி அள்ளி, பாதி உயரத்துக்கு இறக்கினார்.

"இன்னும்" என்றார் கன்னியப்பன்.